பிக்கப்பில் விரித்த படுக்கை

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கான விதி மிகத் தெளிவானது. விவசாயி முன்பதிவு செய்ய வேண்டும். அவருடைய கைப்பேசிக்கு நாள் குறித்துத் தகவல் வரும். அந்த நாளில் நெல்லைக் கொண்டுவந்தால் அன்றே எடை போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இதன்படி எந்த விவசாயியும் நிலையத்தில் ஓர் இரவுகூடத் தங்க வேண்டியதில்லை. நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெளிவாக எழுதப்பட்ட விதியை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். ஆகவே தகவல் வந்ததும் நான் செய்த முதல் காரியம், என் பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் படுக்கை அமைத்ததுதான்.

திருவையாற்றுக்கு வெளியே இருக்கும் என் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவருடைய பெற்றோர் அதே நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இவர் தானே சாகுபடி செய்து மகளை நர்சிங் படிக்கவைத்தார். அந்த சம்பா நெல் முழுக்க அவருடையது. ஆனால் சிட்டா என் பெயரில் இருக்கிறது; வாய்மொழிக் குத்தகை என்பதால் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. எனவே எடை போடும்போது இயந்திரத்தில் கைரேகை வைக்க வேண்டியவன் நான். என் வயதில் மற்ற விரல்களின் ரேகை தேய்ந்துவிட்டது. வலது கட்டைவிரலை மட்டும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிடும்போது நான் இல்லாவிட்டால் குவியல் கடைசிக்குப் போய்விடும். அதற்குள் மழை வந்தால் நெல் முளைத்துவிடும். ஆக, அவருடைய ஒரு போக உழைப்பு என் கட்டைவிரலில் இருந்தது. தரையில் படுக்க என் இடுப்பு டிஸ்க் இடம் கொடுக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் பிக்கப்பில் மெத்தை போட்டு ஏரிக்கரையில் தூங்கும் வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் யாருக்கும் ரத்தம் வருவதில்லை. எனக்கு முதல் அரைமணியிலேயே தகட்டு விளிம்பு முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சக்கரம் இருக்கும் இடத்தில் இருபுறமும் தகடு மேடாகப் புடைத்திருக்கும். அதன்மேல் நேராகப் படுக்க முடியாது. எனவே அந்த மேட்டு உயரத்துக்குக் கட்டைகள் கொடுத்து அதன்மேல் பிளைவுட் பலகையைப் போட்டேன். அதற்கு மேல் தென்னை நார் மெத்தை. நீளம் போதவில்லை. பின்கதவைச் சங்கிலியில் தொங்கவிட்டபோது கால் வைக்க இடம் கிடைத்தது. ஒரத்தநாட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து வாங்கினேன். அவற்றின் மேல் படுதா, உள்ளே கொசுவலை. மூச்சுக்காற்று வியர்த்து மெத்தையில் சொட்டாமலிருக்க இரண்டு முனையிலும் திறப்பு விட்டேன். குழாய்களை ஏற்கெனவே இருந்த துளைகளில்தான் முடுக்கினேன். புதிதாகத் துளை போட்டால் வாகனத்தை மாற்றி அமைத்ததாகிவிடும். அதற்கு அனுமதி வாங்க வேண்டும். கடைசியாக, அரசு வண்டிகளில் ஒட்டுவதுபோல முன்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினேன்: ‘நெல் கொள்முதல் – அவசரம்’.

நான் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தில் ஒருவர் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் வரிசைத் தகராறில் இன்னொருவர் அவர் காதைக் கடித்துவிட்டாராம். கடித்தவரும் பக்கத்துக் குவியலில்தான் இருந்தார், பீடி பற்றவைத்துக்கொண்டு. குத்தகைக்காரம்மா கையில் உடைந்த கம்பு இருந்தது. நெல்லில் வாய் வைத்த கோயில் மாட்டை அடித்து உடைந்த கம்பு. மாட்டின் விலாவில் தோல் உரிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

“சாமி மாடும்மா,” என்றேன்.

“சாமி நெல்லு இல்லீங்களே சார்,” என்றார்.

என் படுக்கையைச் சுற்றிவந்து பார்த்தார். மெத்தையை ஒரு விரலால் அழுத்தினார்.

“எல்லாரும் கீழ வைக்கோல் போட்டுப் படுக்குறாங்க சார். நீங்க மட்டும் வண்டில படுத்தா நல்லாருக்காது.”

“இடுப்பு வலிம்மா.”

“எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்ல.”

நிலையத்தில் இரவு தங்குகிறவர்கள் இரண்டு வகை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. விவசாயி தன் குவியலின் காலடியில் தரையில் படுப்பான். வெளியூர் நெல்லைக் கொண்டுவந்து வரிசையை உடைத்து உள்ளே தள்ளும் வியாபாரியின் ஆள் வண்டியில் படுப்பான். எழுதப்படாத இந்த விதியை அங்கே எல்லோரும் படித்திருந்தார்கள், நான் ஒருவனைத் தவிர.

எங்களுக்கு அடுத்த குவியல்காரர் முதல் நாளே கேட்டார்: “என்ன சார், ஊட்டிக்கு டூரா?”

“கைரேகை வைக்க வந்திருக்கேங்க.”

“ஒரு கட்டவெரலுக்கு இவ்ளோ பெரிய மெத்தையா!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தினமும் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்தவர் அவர்தான்.

எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு குவியல் மிச்சமிருந்த பிற்பகலில் கிழக்கே வானம் கறுத்தது. குத்தகைக்காரம்மா குவியலின் விளிம்பைப் பலகையால் தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணயர்ந்திருந்தேன். அப்போது ஒரு லாரி வந்து நேராகத் தராசின் முன்னால் நின்றது. லோடுமேன்கள் ஒரு வார்த்தை பேசாமல் அதிலிருந்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள். கூச்சல் கேட்டு நான் எழுந்தபோது முதல் கல் லாரிக் கண்ணாடியில் விழுந்திருந்தது. டிரைவர் பயந்து பின்னால் எடுத்தான். சக்கரம் ஒருவருடைய குவியலில் ஏறியது. அவனைக் கதவோடு இழுத்துப் போட்டு மிதித்தார்கள். யாரோ மூட்டைக் கொக்கியை அவன் தொடையில் இறக்கினார்கள். அவன் எப்படி மறுபடி ஏறினான், எப்படி ஓட்டினான் என்று எனக்கு இன்றும் தெரியாது. லாரி போய்விட்டது. எடை பார்த்து ரசீது போடும் பட்டியல் எழுத்தர் தன் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார். அடிக்க ஆள் இல்லாமல் கைகள் மட்டும் மிச்சமிருந்தன.

“தோ நிக்கிதுடா இன்னொரு வண்டி! அவசரம்னு போர்டு வேற!”

“சார்தான்டா அவனுவளுக்கு ஆளு! இத்தன நாளா மெத்தையில படுத்து வேவு பாத்தாரு!” இது டீ வாங்கிக் கொடுத்தவரின் குரல்.

படுதா என் தலைக்கு மேல் கிழிந்தது. வளைத்த குழாயைப் பிடுங்கி அதனாலேயே என் முதுகில் அடித்தார்கள். கொசுவலை முகத்தில் சுற்றிக்கொண்டது. காலைப் பிடித்து ஒருவன் பக்கவாட்டில் இழுத்தான். நான் விழாமலிருக்க வண்டியின் பின்விளிம்பைப் பற்றினேன். அந்தச் சமயத்தில் அடுத்த குவியல்காரர் தொங்கிக்கொண்டிருந்த பின்கதவை இரண்டு கையாலும் தூக்கி ஓங்கி அறைந்தார். என் வலது கட்டைவிரல் நடுவில் இருந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது, முறுக்கைக் கடித்ததுபோல. வலி பிறகு வந்தது.

“கைய எடுறா! அது என் நெல்லுடா! அவரு வெரலு போனா என் நெல்லு போச்சுடா!”

குத்தகைக்காரம்மா நெல் தள்ளும் பலகையோடு வந்தார். முதல் அடி அந்த மனிதரின் தோளில் விழுந்தது, அவர் உட்கார்ந்தார். இரண்டாவது அடி கழுத்துக்குக் கீழே. காறை எலும்பு உடைந்தது அதில்தான். விழுந்த பிறகும் அடித்தார். நான்கு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவர் முகத்தில் கோபத்தைவிடக் கணக்குப் பார்க்கும் அவசரம்தான் தெரிந்தது: எத்தனை அடிக்குப் பிறகு இவன் எழுந்திருக்க மாட்டான் என்பதுபோல.

போலீஸ் வந்தது. கூட்டம் கலைந்தது. முன்னாலிருந்த குவியலை எடை போட்டார்கள். பிறகு எழுத்தர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்: “அடுத்தது யாருங்க? சீக்கிரம், மழ வருது.”

கொசுவலையைக் கிழித்துக் கட்டியிருந்த விரலோடு போனேன். கட்டை அவிழ்த்து விரலை இயந்திரத்தில் வைத்தேன். கண்ணாடியில் ரத்தம் பரவியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்தேன், எல்லாவற்றுக்கும் சிவப்பு.

“அழுத்தி வைங்க சார்,” என்றார் எழுத்தர்.

குத்தகைக்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். “கொஞ்சம் பொறுத்துக்குங்க சார்.” நசுங்கிய விரலைக் கண்ணாடியில் வைத்துத் தன் உடம்பின் எடையெல்லாம் கொடுத்து அழுத்தினார். நான் கத்தினேன். அவர் விடவில்லை. எலும்பு உள்ளே நகர்ந்தது. சிவப்பு.

“கைரேகை பதியலன்னா வேற ஆள் மூலமா எடுக்கலாம்னு விதி இருக்குங்க,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“இருக்குங்க. அதுக்கு மேலதிகாரிக்கு எழுதி அனுமதி வாங்கணும். எழுதிக் குடுங்க.”

குத்தகைக்காரம்மா பெயரில் எடுத்துக்கொள்ளும்படி இடது கையால் எழுதிக் கொடுத்தேன். கையொப்பம் கோழி கிளறியது போலிருந்தது. முதல் துளி அந்தத் தாளில்தான் விழுந்தது.

குத்தகைக்காரம்மா ஓடிப்போய் என் மெத்தையை வண்டியிலிருந்து உருவிச் சேற்றில் எறிந்தார். பிளைவுட்டை உதைத்துத் தள்ளினார். கூடை கூடையாக நெல்லை அள்ளி வண்டியில் கொட்டினார். நான் ஒரு கையால் அள்ளினேன். கிழிந்த படுதாவைக் குவியலின் மேல் போட்டோம். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் எறிந்தது. வண்டி நிறைந்தபோது குவியலின் பெரும்பகுதி தரையில்தான் இருந்தது. மழை அதை ஓட்டை போட்டது, பிளந்தது, கரைத்து இழுத்துக்கொண்டு போனது. அவர் பலகையை நிலத்தில் குத்திப் பிடித்துக்கொண்டு நின்று கடைசிவரை பார்த்தார்.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வெயில் வந்தபோது குவியல் பச்சையாக முளைத்திருந்தது. வண்டியில் ஏற்றிய நெல்லும் நனைந்து சூடேறிப் புளித்துவிட்டது. இரண்டையும் வாத்து மேய்ப்பவர்கள் தீனிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

காவல் நிலையத்தில் இரு தரப்பும் சமாதானமாகப் போனோம். காறை எலும்பில் கட்டோடு வந்திருந்த அடுத்த குவியல்காரர் என்னைப் பார்த்து, “தப்பா நெனச்சிட்டேன் சார்,” என்றார். குத்தகைக்காரம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. அங்கே மை தடவி இடது கட்டைவிரலை வைத்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

குறுவைக்குத் தண்ணீர் வந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். தஞ்சாவூரில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“மேலேருந்து பதில் வந்துச்சா சார்?”

“இன்னும் இல்லம்மா. நாத்து விடலையா?”

“பதில் வரட்டும். எம்பேர்ல எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாம இன்னொரு தடவ எவனையும் அடிக்க எனக்குத் தெம்பு இல்ல.”

நிலம் தரிசாகக் கிடந்தது. நான் நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கும் நினைவூட்டல் அனுப்பினேன். கடைசியில் வந்த பதில் சுருக்கமானது: மனுதாரரின் கைரேகை பதிவாகாத நிலையில் மேற்படி சம்பா நெல்லை மாற்று நபர் மூலம் ஒப்படைக்க இந்த ஒரு முறை மட்டும் அனுமதிக்கப்படுகிறது, நெல்லைக் காலதாமதமின்றி நிலையத்துக்குக் கொண்டுவரவும். தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தது ஆடிப்பெருக்கு அன்று.