சோலைமலை லேமினேட் செய்த சான்றிதழ்

சோலைமலைக்கு ஒரு காகிதத்தைப் பிடித்துவிட்டால் போதும், அது பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக லேமினேஷன் மெஷினோடு குடும்பம் நடத்துகிறவர். பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டர் அட்டையும் கம்பெனி வேலை. மெஷின் சூடு ஆறுவதற்குள் நடப்பது சொந்த வேலை. கல்யாணப் பத்திரிகை, மகள் எழில் ஒன்றாம் வகுப்பில் வரைந்த யானை, அவளுடைய அத்தனை மார்க் ஷீட், மனைவி குருவம்மாளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. காய்ச்சல் போய்ப் பதினோரு வருடமாகிவிட்டது. சீட்டு மட்டும் இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது.

எழில் வேதியியல் பட்டம் வாங்கிய அன்றும் அப்படித்தான். "கை வேர்வை பட்டுரும், குடு தாயி" என்று வாங்கிக்கொண்டு போனவர், சாயங்காலம் திரும்பி வந்தபோது சான்றிதழ் கண்ணாடி மாதிரி மின்னியது.

மறு வருடம், இரண்டாயிரத்து எட்டில், எழிலுக்கு ஹாலந்து ஆசை வந்தது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் படிப்பு அங்கே இருக்கிறதாம், உதவித்தொகையும் உண்டாம். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டாள், மதுரைக்குப் போய் ஆங்கிலப் பரீட்சை எழுதினாள், இரண்டு பேராசிரியர்களைத் துரத்தித் துரத்திப் பரிந்துரைக் கடிதம் வாங்கினாள். கடைசியாக ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள்.

"என்னத்தாயி எழுதணுமாம்?"

"எதுக்காக எங்க ஊருக்கு வந்து படிக்கணும்னு நினைக்கீகன்னு கேட்டிருக்காங்கப்பா."

"அதத்தான நானும் கேக்கேன்" என்றார் சோலைமலை.

அதுவரைக்கும் அவருக்கு அது விளையாட்டுதான். ஹாலந்துக்காரன் இவளை எங்கே கூப்பிடப் போகிறான் என்று நிம்மதியாகச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினார். மே மாதம் அவன் கூப்பிட்டுவிட்டான். உதவித்தொகையும் தருகிறேன் என்றான். பட்டச் சான்றிதழின் பின்பக்கம் சென்னையிலும் டெல்லியிலும் அரசாங்க முத்திரை வாங்கி, அதன் காப்பியை ஜூன் கடைசிக்குள் அனுப்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

எழில் சென்னைக்கு ரயிலேறினாள். முத்திரை போடும் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பினார், நகத்தால் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் மேல எங்கேம்மா முத்திரை குத்துறது? பிரிச்சு எடுத்துட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு சான்றிதழ் வாங்கலாம் என்றால், தொலைந்துபோனதாகப் போலீசில் எழுதிக்கொடுத்து, பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடந்து, எல்லாம் முடிய ஆறு மாதம் ஆகும்.

சோலைமலை சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காதைச் சொறிந்தார். "இது பிரியாது தாயி. பிரிச்சா எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோட வந்துரும்."

வடிகட்டின பொய். அவருக்குப் பிரிக்கத் தெரியும். ஊரில் அவரைவிட நன்றாகப் பிரிக்கத் தெரிந்த ஆள் கிடையாது. ஆனால் அந்தச் சான்றிதழ் பிரிந்தால் எழில் விமானம் ஏறிவிடுவாள். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊராம், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். பெற்ற ஒரு பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு என்ன செய்வது? போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. பழியைப் பிளாஸ்டிக் மேல் போட்டுவிட்டார்.

விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை முடிந்து வந்த குருவம்மாள் அடுப்படியில் வைத்து மகளிடம் சொன்னாள். "ஒங்கப்பா பொய் சொன்னா காதைச் சொறிவாக. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, நான் வச்ச காப்பி நல்லாருக்குன்னு சொல்லிச் சொறிஞ்சவுக."

எழில் மறுநாள் மத்தியானம் அச்சகத்துக்கு, அப்பாவுக்குத் தானே சாப்பாடு கொண்டுபோனாள்.

சோலைமலை கைகழுவிவிட்டு வந்து பார்த்தால் மேஜையில் இருந்த புரூஃப் லேமினேட் ஆகிப் பளபளவென்று கிடந்தது. பட்டாசுக் கம்பெனி மேனேஜர் ஊர்க்காவலன் வந்து ஓகே என்று கையெழுத்துப் போட வேண்டிய லேபிள் புரூஃப் அது. கையெழுத்து விழாமல் மெஷினில் ஒரு ஷீட் ஓடாது. இன்னொரு காப்பி இருந்திருக்க வேண்டும், அதையும் காணவில்லை. மேனேஜர் வர இன்னும் அரை மணி நேரம்தான். அவர் கோபக்காரர்.

யார் செய்த வேலை என்று சோலைமலை தேடவே இல்லை. 'கை சும்மா கிடக்காம நாமளே போட்டுத் தொலைச்சிட்டோம்' என்று தன்னையே திட்டிக்கொண்டார். மேஜைக்கு அடியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். பழைய வேட்டித் துணியை மேலே விரித்து, சூட்டை உள்ளங்கையால் பார்த்துப் பார்த்து ஒற்றினார். பிளேடு முனையால் ஒரு மூலையைக் கிளப்பி, ஊதி ஊதி உரித்தார். கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் தனியாகவும் புரூஃப் தனியாகவும் வந்துவிட்டன. ஓர் எழுத்துக்கூடப் போகவில்லை. பெருமையோடு நிமிர்ந்தார்.

எதிரே எழில் நின்றாள். கையில் சான்றிதழ்.

"இன்னொரு காப்பி சாப்பாட்டுக் கூடைக்கு அடியில இருக்குப்பா. பயப்படாதீக."

சோலைமலையின் கை காது வரைக்கும் போய்த் திரும்பியது. சொல்லப் பொய் எதுவும் மிச்சமில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு தாயி. நீ அங்கன ஒத்தையில கெடந்து என்ன பாடு படுவியோ. நான் இங்கன யாருக்கு லேமினேட் பண்ண?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதை மட்டும் அந்தக் கடுதாசியில எழுதலை." எழில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "போகாதன்னு சொல்லுங்க, போகலை. பிரியாதுன்னு மட்டும் சொல்லாதீக."

சோலைமலை வேட்டித் துணியை உதறி மறுபடியும் விரித்தார். கால் மணி நேரத்து வேலைக்கு அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நடுவில் வந்த ஊர்க்காவலனை "சத்தம் போடாம அங்கன கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க" என்று விரட்டிவிட்டார். ஆர்டர் கொடுக்கிறவரிடம் அப்படிப் பேசியது அவர் வாழ்க்கையிலேயே அது ஒரு தடவைதான். சான்றிதழின் ஓரத்தில் அரிசியளவு தோல் உரிந்தது. எழில் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சென்னைக்கும் டெல்லிக்கும் போன சான்றிதழ் ஜூன் இருபதாம் தேதி, பின்பக்கம் முத்திரையோடு திரும்பி வந்தது. சோலைமலை முத்திரையைத் தடவிப் பார்த்தார். அவர் மனம் தெரிந்த எழில், பையிலிருந்து புது லேமினேஷன் கவர் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஹாலந்துக்குக் காப்பி அனுப்பிட்டேன்ப்பா. இனி உங்க இஷ்டம், போட்டுக்கோங்க."

கவரை வாங்கினார். சான்றிதழை உள்ளே பாதி நுழைத்தும்விட்டார். அப்புறம் வெளியே உருவி அவளிடமே கொடுத்தார்.

"வேணாம் தாயி. அங்கன போயி இன்னும் என்னென்ன முத்திர வாங்கப் போறியோ. எடம் கெடக்கட்டும்."

சொல்லும்போது அவர் கை காதுப் பக்கம் போகவே இல்லை. குருவம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.