மூக்கில்லாமல் எட்டு மாதம்

பாலோ என்ற எங்கள் ஊர் வட்டாரத்தில் ரப்பர் பால் வாங்குகிறவர் யார் என்று கேட்டால் வீரமுத்து என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எல்லாரும் கோப்பையிலேயே உறையவிட்ட கட்டிப்பாலுக்கு மாறியபோதும் திரவப் பாலை விடாமல் நாலு தொட்டி கட்டி, சொந்த லாரி வாங்கினேன். என் பெருமையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இது அமலோற்பவத்தின் கதை. இருபத்திரண்டு வருஷமாக என் கொட்டகையில் அமோனியா கலக்குகிற பொம்பளை அது.

அமோனியா குறைந்தால் ஃபேக்டரிக்குப் போகும் வழியிலேயே பால் திரிந்துபோகும். கூடினால் வாங்க மாட்டார்கள். அமலு ஊற்றிக் கலக்கி, ஒரு கரண்டி மோந்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, போதும் என்று சொன்னால் போதும்தான். அந்த மூக்கைக் கண்டுபிடித்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் ஜெரால்டின் என்ற பொண்ணு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். வெளிர்பச்சைத் தூள் பூசிய அட்டைகள் கொண்டுவந்தாள். செம்பையும் ஏதோ அமிலத்தையும் கோர்த்துச் செய்த தூளாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொந்துகள், தேன்கூடு மாதிரி. அமோனியா அதில் புகுந்தால் அட்டை நீலமாகும். இதே ஜாதித் தூளை, வேறு உலோகம் வைத்து, உடம்புக்குள் செலுத்தி ஸ்கேன் படம் தெளிவாக விழுகிறதா என்றும் சோதனை செய்கிறார்களாம். என் கொட்டகைக்கு மூக்கு இருக்கிறது, அட்டை எதற்கு என்று கேட்டேன். சும்மா மாட்டிப் பாருங்க அங்கிள் என்றாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒன்று மாட்டினோம்.

மறுநாள் மத்தியானம் அமலு டிபன் கேரியரைத் திறந்தது. திருக்கைக் கருவாடு. அட்டை நீலமாகிவிட்டது. லெட்சுமணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். லாரி ஓட்டுகிறவன் அவன். எனக்கே நாற்றம் தாங்கவில்லை. கருவாடு கெட்டுப்போயிருந்தது; திருக்கை கெட்டால் அதிலிருந்தும் அமோனியா கிளம்பும். அமலு மட்டும் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கையைப் பிடித்து, நாற்றம் தெரியவில்லையா என்று கேட்டேன். சோற்றைத் தள்ளிவைத்தது. எட்டு மாதம் முன்னால் கோவிட் வந்து போனபோது மூக்கும் போய்விட்டதாம். மல்லிகையும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. அப்புறம் எப்படி அமோனியா கலந்தாய் என்றேன்.

“லெட்சுமணன் மூஞ்சியைப் பார்த்துதான், அண்ணே. அவனைத் தொட்டி ஓரமா நிறுத்துவேன். மூக்கைச் சுழிச்சா சரி. கண்ணு கலங்குனா கூடிப்போச்சு.”

எதற்கெடுத்தாலும் அவனைத் தொட்டியடிக்குக் கூப்பிட்டது இதற்குத்தானா! எட்டு மாதத்தில் பால் சரியில்லை என்று ஒரு லாரிகூடத் திரும்பி வந்ததில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் மோப்பமில்லாத ஆளை அமோனியாப் பக்கம் எப்படி விடுவது? நாளையிலிருந்து எடைச் சீட்டு எழுது, சம்பளம் அதேதான் என்றேன். சீட்டு எழுத இருபத்திரண்டு வருஷம் எதுக்கு என்றது. டிபன் கேரியரைக் கழுவக் கிளம்பியது.

மறுநாள் காலையில் வழக்கம்போல, அமோனியா டிரம் இருக்கும் ஸ்டோரின் சாவி அமலு கையில்தான் இருந்தது. ஜெரால்டின் விட்டுப்போன அட்டையில் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு கதவைத் திறந்தது. நான் வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டடி வைத்ததும் பின்வாங்கி வந்தது. நெஞ்சிலிருந்த அட்டை மயில்கழுத்து நிறம்.

“லெட்சுமணா, உள்ள போகாத. அண்ணே, எந்திரிங்க.”

எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லையே என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போய்விட்டது. கதவை அகலத் திறந்துவிட்டு, காற்று போன பிறகு, முகமூடி போட்டுக்கொண்டு லெட்சுமணன் பார்த்தான். பெரிய டிரம்மின் குழாய் தளர்ந்து ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது.

போனில் ஜெரால்டினைக் கேட்டேன். எந்நேரமும் அந்த வாசத்திலேயே உட்கார்ந்தால் எந்த மூக்கும் மரத்துப்போகும் அங்கிள், அட்டைக்கு மரத்துப்போகிற பழக்கம் இல்லை என்றாள். நாலு தோட்டத்தில் பேர் வாங்கிய என் மூக்குக்கு முன்னால், மூக்கே இல்லாத அமலு டிரம் ஒழுகியதைக் கண்டுபிடித்துவிட்டது. நல்ல ஆளாகப் பார்த்து வேலைக்கு வைத்தவன் நான்தானே, அதில் எனக்கும் பங்கு உண்டு.

நூறு அட்டை கேட்டு வாங்கினேன். ஸ்டோரில் இரண்டு, தொட்டிக்கு ஒன்று, சாப்பாட்டு மேசைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று ஆள் போட்டு மாட்டினேன். லெட்சுமணனுக்குத் தொட்டியடியில் நிற்கிற வேலை போனதில் சந்தோஷம். அமலுவைக் கூப்பிட்டு, கலக்குவதும் அட்டை பார்ப்பதும் இனிமேல் உன் பொறுப்பு என்றேன்.

“நேத்து வரைக்கும் யார் பொறுப்பாம்?” என்று கேட்டுவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு மூன்றாவது தொட்டிக்குப் போய்விட்டது.