அழுதா ஆட்டம் நிக்கும்

நேத்து எங்க வீட்டுல டமார்னு கேட்டுச்சே செல்வி, குண்டான் உருண்டுச்சுன்னா நெனச்ச? குண்டான் இல்ல, எம் பேத்தி! நாலு வயசுப் பேரன் இருக்கானே, கரண்டிய எடுத்து தங்கச்சி நெத்தியில ஒரே போடு. அவ மல்லாக்க விழுந்துட்டா. இவன் ஓடவும் இல்ல, அழவும் இல்ல. நின்னு பாத்துக்கிட்டே இருக்கான்.

"என்னல பாக்க?"

"எந்திரிப்பா ஆச்சி. போன்ல எல்லாரும் எந்திரிக்காங்கல்ல?"

புள்ளைக்கு மூச்சுப் பேச்சில்ல. எனக்கு உசுரே போயிருச்சு. பொறவு வீல்னு கத்துனா பாரு, அந்த அழுகையக் கேட்டு நான் சிரிச்சேன் செல்வி! கிழவிக்குக் கிறுக்குன்னு மருமக நெனச்சிருப்பா. ஆஸ்பத்திரியில வெறும் வீக்கந்தான்னுட்டாங்க.

மருமகளுக்கு ரிசார்ட் டூட்டிக்கு ஓடணும். பேரன் சோத்துத் தட்டுக்கு முன்னால போனச் சாத்தி வச்சுருவா. அதுல ஒருத்தன் சுடுதான், இவன் வாயத் தொறக்கான். ஒரு வாய்க்கு ஒரு பொணம். எம் மவன் பெரிய அறிவாளி, "பொம்மைப் படந்தானம்மா, புள்ளைக்கு என்ன தெரியும்?"ங்கான். ஒண்ணும் தெரியாத புள்ளைக்கு மொதல்ல பாக்கதுதானல நெசம்!

நாங்க மட்டும் சண்டை பாக்காமலா வளந்தோம்? எஸ்டேட் மைதானத்துல வேட்டியத் திரையாக் கட்டிப் படம் காட்டுவாங்க. ஈரக் கம்பளி நாத்தத்துக்குள்ள உக்காந்து கத்திச் சண்டைய வாயப் பொளந்து பாப்போம். மறுநாள் லயத்து வரிசை வீட்டு வாசல்ல, கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிதான் வாளு. வில்லன் எப்பவும் நாந்தான், இந்த எத்துப் பல்லுக்கு வேற என்ன வேசம் குடுப்பாளுக! ஆனா ஒருத்தி அழுதா ஆட்டம் நின்னுரும். குச்சியப் போட்டுட்டு எல்லாரும் சுத்தி உக்காந்து ஊதுவோம். அவ மூக்குச் சளி எங்க கையில ஒட்டும். போன்ல சாவுறவனுக்குச் சளி வடியுதாக்கும்?

நேத்து இவன் கையப் புடிச்சு அந்த வீக்கத்து மேல வச்சேன். "சுடுது ஆச்சி"ன்னான். "ஊதுல"ன்னேன். எச்சி தெறிக்க ஊதுனான்.

இப்ப லயத்துல வாசல் இருக்கு, வாசல்ல புள்ளைக இல்ல. ஆளுக்கொரு போனோட கதவச் சாத்திக்கிடுதுக. ஒருத்தி அழுதா ஓடி வந்து ஊத வாயில்ல.

அய்யோ, சோறு ஆறிப்போச்சு! மருமகளையே போனக் கொண்டு போகச் சொல்லிட்டேன், இனி தட்டோட நாந்தான் ஓடணும். அந்தா, தேயிலைக்குள்ள பூந்துட்டான். ஏல, நில்லுல!