படங்கு போர்த்திய சுமை

சாவி முறுக்கும்போது அந்தச் சிறிய ரயிலின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கரகரப்பு எழும்பும். அதோடு, பல்சக்கரங்களுக்கு விட்ட தேங்காயெண்ணெய் காய்ந்து தகரத்தோடு கலந்த ஒரு வாசனையும் வரும். முதுமை என்னிடமிருந்து எத்தனையோ வாசனைகளை எடுத்துக்கொண்டுவிட்டது. இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பிள்ளைப் பருவம் என்றதும் பிறருக்கு மாம்பழமோ மழையோ முதலில் நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது, புத்தளத்தில் எங்கள் வீட்டு நடு அறையின் சிவப்புச் சீமெந்துத் தரையில் கட்டில் காலையும் அலுமாரியையும் சுற்றி ஓடிய அந்தக் 'கோச்சி'யும், அதன் தட்டைப் பெட்டிகளில் ஏறிச் சென்ற இராணுவ வண்டிகளும்தான்.

கோச்சியைக் கொண்டுவந்தவர் கப்பலில் சமையல்காரராயிருந்த எங்கள் மாமா. ஆண்பிள்ளை என்பதால் அதை என் கையில் கொடுத்தார். ஆனால் ஓட்டியவள் ராத்தா. மூத்த சகோதரியை எங்கள் வீடுகளில் அப்படித்தான் அழைப்போம். அவள் பெரியபிள்ளையானதும் அந்நாளைய வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. வாசலில் தொங்கிய திரைச்சீலையோடு அவளுடைய உலகம் முடிந்தது. அந்த உலகத்துக்குள் அவள் கொழும்புவரை ஒரு ரயில் பாதையைப் போட்டுக்கொண்டாள். கட்டிற்கால் பாலாவி, தண்ணீர்ப் பானை முந்தல், தையல் மெசின் சிலாபம், அலுமாரிக்குக் கீழே இருண்டு கிடந்த இடம் கொழும்பு. கொழும்பை அவள் கண்டதில்லை; அதனால்தான் அதை இருட்டில் வைத்தாள் போலும் என்று இப்போது தோன்றுகிறது.

வாப்பா புத்தளம் ஸ்டேஷனின் சரக்குக் கொட்டிலில் 'கிளாக்கர்' வேலை பார்த்தார். நான் பிறப்பதற்கு முன், உலக யுத்த காலத்தில், பாலாவிப் பக்கத்து விமான மைதானத்துக்கு வந்த ரயில்களை அவர் ராத்தாவைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டியிருக்கிறார். லொறிகளும் ஜீப்புகளும் தட்டைப் பெட்டிகளில் வரிசையாக வந்தனவாம். சிலவற்றின் மேல் 'படங்கு' எனும் பச்சைத் தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கியிருந்தார்களாம். "அதுக்குள்ள என்ன வாப்பா?" என்று இவள் கேட்க, "எனக்கே காட்ட மாட்டானுகள் மகள்" என்றாராம் வாப்பா. சரக்கைப் பதிகிறவருக்கே தெரியாத சரக்கு ஒன்று ரயிலில் போகும் என்பது அவளுக்குப் பெரிய அதிசயமாகத் தங்கிவிட்டது.

ஆகவே மாமா அடுத்த பயணத்துக்குப் புறப்பட்டபோது ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து சொல்லியனுப்பினாள்: "மாமா, எனக்குப் பொம்ம வாணாம். கோச்சில ஏத்துறதுக்குச் சாமான் கொண்டு வாங்க. பட்டாளத்துச் சாமான்."

மாமா சிரித்தார், ஆனால் மறக்கவில்லை. யுத்தம் முடிந்த துறைமுகங்களில் அப்படிப்பட்ட விளையாட்டுச் சாமான்கள் நிறையக் கிடைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் கோடாலித் தைலப் போத்தலுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் ஒரு தண்ணீர் லொறி, ஒரு ஜீப், இழுத்துச் செல்லும் ஒரு பீரங்கி, சிவப்புச் சிலுவை போட்ட ஓர் அம்புலன்ஸ். ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது. ஒரு ஜீப் லொறியைவிடப் பெரிதாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள ராத்தா சம்மதிக்கவில்லை. சரக்குக் கொட்டிலில் ஓர் இரும்பு வளைவு தொங்குமென்றும், ஏற்றிய சுமை அதில் முட்டாமல் போனால்தான் பாதையில் விடுவார்களென்றும் வாப்பா சொல்லியிருந்தார். அவள் தேயிலைப் பெட்டி மட்டையை வெட்டி அப்படியொரு 'வாசல்' செய்தாள். அதில் முட்டிய பெரிய ஜீப் கடைசிவரை எங்கள் விளையாட்டு ஸ்டேஷன் முற்றத்திலேயே நின்றது.

வண்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு அப்படியே ஓட்ட முடியாது. நான்கு சில்லுக்கும் ஈர்க்குத் துண்டால் கட்டை வைக்க வேண்டும். தையல் நூலை இரட்டையாக முறுக்கி முன்னும் பின்னும் இழுத்துக் கட்ட வேண்டும். வாப்பா வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் குனிந்து பார்ப்பார். "ஏத்துறது ஒரு வேலையா? ஆடாமப் போய்ச் சேரணும். இது வளைவுல விழும், திரும்பக் கட்டு" என்பார். அவள் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த ஈய டாங்கி வந்தது. மாமா அதைப் பழைய சாமான் கடையில் எடுத்ததாகச் சொன்னார். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் தூக்கினால் கை தாழும். பச்சை நிறம் பாதி உரிந்து சாம்பல் ஈயம் தெரிந்தது. ராத்தாவின் வாசலுக்குள் அது ஒரு மயிரிழை இடைவெளியில் நுழைந்து வெளியே வந்தபோது அவள் கைதட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

உம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "குமர்ப்புள்ளக்கி வெளயாடப் பீரங்கியா? நாளைக்கி வாற மாப்பிள்ள பயந்து ஓடப் போறான்."

"ஓடுறவன் ஓடட்டும் உம்மா. இவர்தான் என்ட மாப்பிள்ள" என்றாள் ராத்தா, டாங்கியைக் காட்டி.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'மாப்பிள்ளை'. மற்ற வண்டிகள் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். மாமா வந்தால், "எங்க மருமகன் ஆள்?" என்று கேட்பார். "பாலாவில நிக்கிறாரு, லைன் கிடைக்கல்ல" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வரும். வீடு முழுவதும் சிரிக்கும். உம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்நாட்களில் நான் பள்ளி விட்டதும் ஊரையொட்டிய கடல்நீரேரியான களப்பின் கரைக்கு ஓடுவேன். அங்கே செபமாலை அண்ணன் என்ற மீனவர் தம் தோணியடியில் உட்கார்ந்து வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்ப்பார். வலையின் ஓரம் முழுக்க அந்தக் குண்டுகள் கட்டியிருந்தால்தான் அது விரிந்து விழுந்து தாழும். ஈயம் எங்கள் ஊரில் எப்போதும் போதாது. பழைய குழாய்த் துண்டு, உடைந்த பற்றறித் தகடு என்று எது கிடைத்தாலும் பிள்ளைகள் அவரிடம் கொண்டுபோவார்கள். கொண்டுபோனவனை அவர் தோணியில் ஏற்றிக் களப்பின் நடுத் தீவுவரை போய் வருவார். என் வகுப்புப் பையன்கள் எல்லோரும் போய்வந்து கதையளந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் போகவில்லை. என் வீட்டில் ஈயம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

ராத்தா தொழுகையில் இருந்த நேரத்தில் நூலை அறுத்து மாப்பிள்ளையை எடுத்தேன். கட்டு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து அறுத்தேன்.

செபமாலை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமானடா தம்பி. வீட்டில கேட்டனியா?"

"ஓம்."

"உருக்கினா பிறகு திருப்பித் தர ஏலாது. வடிவா யோசிச்சுச் சொல்லு."

"ஓம், கேட்டுட்டேன்."

சிரட்டைக் கரி நெருப்பில் இரும்புக் கரண்டிக்குள் அது கிடந்தது. முதலில் பீரங்கிக் குழாய் தலை குனிந்தது. பிறகு மேல்மூடி ஒரு பக்கமாகச் சரிந்தது. பச்சைச் சாயம் எரிந்து ஒரு கெட்ட வாடை வந்தது. பிறகு கரண்டியில் இருந்தது கண்ணாடிபோலப் பளபளத்த ஈயக் குழம்பு மட்டுமே. அதில் என் முகம் தெரிந்ததாக நினைவு, அது பிற்காலக் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் நான் அழவில்லை. தோணி எப்போது புறப்படும் என்றுதான் கேட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

களப்பில் நான் கண்டதையெல்லாம் அன்று மாலையே ராத்தாவிடம் சொன்னேன். தண்ணீருக்கடியில் தெரிந்த பாசிக்காடு, தீவில் கண்டல் மரங்களில் உட்கார்ந்திருந்த கொக்குக் கூட்டம், தூரத்தில் வெள்ளையாய்க் குவிந்திருந்த உப்பு. அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "தண்ணி எவ்வளவு ஆழம்? கொக்கு எத்தின இரிந்திச்சி? உப்பு எந்தப் பக்கம்?" என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். எதைக் கொடுத்து அங்கே போனேன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளையைத் தேடும் படலம் நடந்தது. உம்மா காகத்தைத் திட்டினாள். வாப்பா அலுமாரியை நகர்த்தினார். நானும் தரையில் குப்புறப் படுத்துக் கொழும்புக்குள் கையைவிட்டுத் துழாவினேன். இல்லையென்று தெரிந்த ஒன்றை அவ்வளவு சிரத்தையோடு தேடியவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். ராத்தா அழவில்லை. அறுந்த நூலின் நுனியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்தபோது கோச்சி ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெட்டி வெறுமையாக இல்லை. உம்மாவின் பழைய பச்சைச் சட்டைத் துணியில் வெட்டிய சிறு படங்கு போர்த்தி, நாலு பக்கமும் நூலால் இறுக்கிய ஒரு சுமை அதில் இருந்தது.

"இதுக்குள்ள என்ன ராத்தா?"

"ராணுவ ரகசியம். கைய வெச்சா விரல் போயிடும்."

நான் கைவைக்கவில்லை. விரலுக்குப் பயந்து அல்ல.

கோச்சி பிறகும் பல காலம் ஓடியது. எனக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை மாலையில் ராத்தா கேட்டு வாங்குவாள். விகிதம் என்ற பாடம் எனக்குத் தலைக்குள் ஏறாமல் நின்றபோது, அவள்தான் லொறியின் ட்றைவரைக் காட்டி, "இவன் வாப்பாட உசரம் எண்டு வெச்சா, லொறி எவ்வளவு? இந்தப் பெரிய ஜீப்புல ஏறுறவன் எவ்வளவு உசரம் இரிக்கணும்?" என்று கேட்டாள். வாப்பாவைவிட இரு மடங்கு உயரமான ஒரு சிப்பாயை நினைத்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்தபோது விகிதம் எனக்கு விளங்கியிருந்தது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் பல்கலைக்கழகம் போனேன். வாழ்நாள் முழுவதும் கணிதம் கற்பித்தேன். என் மாணவர்கள் எனக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் அதை வாங்கிக்கொள்ளும் உரிமை எனக்குப் பாதிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ராத்தா கலியாணமாகித் தில்லையடிக்குப் போனபோது கோச்சியும் அலுமாரியும் அவளோடு போயின. பிற்காலத்தில் நாட்டில் யுத்தம் மூண்டு உண்மையான கவச வாகனங்கள் வீதியால் போனபோது அவள் ஜன்னலைச் சாத்தினாள். "இதெல்லாம் விரல் நீளத்துல இரிக்கிறதுதான் நல்லம்" என்றாள்.

நானோ, போன ஊர்களிலெல்லாம் விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். தட்டைப் பெட்டியில் ஏற்றத்தக்க இராணுவ வண்டிகளை வாங்கிச் சேர்த்தேன். கேட்டவர்களுக்குப் பொழுதுபோக்கு என்றேன். உண்மையில் நான் தேடியது ஒரே ஒரு டாங்கியை. சென்ற ஆண்டு, மகள் வாழும் வெளிநாட்டு நகரமொன்றில் அது கிடைத்தது. அதே உருவம், அதே பச்சை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தில்லையடிக்குப் போய், ராத்தாவின் முன்னால் கதிரையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

ராத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முடிஞ்சிதா? நீ மௌத்தாகிக் குழிக்குப் போறதுக்கு முந்திச் சொல்லுவியா மாட்டியா எண்டு பாத்துக்கொண்டிருந்தேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவள் அலுமாரியின் கீழ்த் தட்டிலிருந்து கோச்சி இருந்த மரப்பெட்டியை எடுக்கச் சொன்னாள். படங்கு போர்த்திய சுமை அப்படியே இருந்தது, துணி வெளிறியிருந்தது. "அவிழ்த்துப் பாரு. இப்ப விரல் போகாது."

அவிழ்த்தேன். உள்ளே ஓர் ஈயக்குண்டு இருந்தது.

"மத்த நாளே செபமாலை அண்ணன் மீன் விக்கிற சாட்டுல பின்வாசலுக்கு வந்தாரு. அந்தப் பொடியன்ட முகம் சரியில்ல, கேக்காமக் கொண்டுவந்திட்டான் போல எண்டு சொல்லி, வார்த்த குண்டையெல்லாம் துணில கட்டிக் கொண்டுவந்திருந்தாரு. நான் ஒண்ட எடுத்துக்கொண்டு, மத்ததெல்லாம் வலைக்குப் போடுங்க எண்டேன்."

"வாப்பாட்ட ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா உன்னக் களப்புப் பக்கம் விட்டிருப்பாரா? நீயும் என்னோட திரைக்குள்ள இருந்திருப்பாய். பிறகு கொக்கு எத்தினயெண்டு எனக்கு ஆர் வந்து சொல்றது?"

பையிலிருந்து டாங்கியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பிறகு மரப்பெட்டியைத் துழாவி அந்தத் தேயிலை மட்டை வாசலை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். டாங்கியைக் கோச்சியின் தட்டைப் பெட்டியில் ஏற்றித் தள்ளினேன். முட்டியது.

"அகலம் கூட. இது போகேலா" என்றாள் ராத்தா, வாப்பாவின் குரலில்.

வாப்பாவும் உம்மாவும் மாமாவும் இன்று இல்லை. செபமாலை அண்ணனின் தோணி கிடந்த இடத்தில் இப்போது மதில் எழுப்பியிருக்கிறார்கள். சரக்குக் கொட்டிலின் இரும்பு வளைவை நான் போய்த் தேடினேன். அப்படி ஒன்று இருந்ததாகக்கூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. கோச்சியின் சாவி எப்போதோ தொலைந்துபோயிற்று, சுருள்வில்லும் அறுந்துவிட்டது. ராத்தா கொழும்பைப் பார்த்துவிட்டாள், ஆஸ்பத்திரியை மட்டும்.

அன்று என் டாங்கி ஸ்டேஷன் முற்றத்தில், பெரிய ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றது. ஈயக்குண்டைத் திரும்பத் தட்டைப் பெட்டியில் வைத்து, ஈர்க்குத் துண்டால் கட்டை கொடுத்து, படங்கைப் போர்த்தி, நூலை முறுக்கிக் கட்டினேன். ராத்தா குனிந்து பார்த்தாள்.

"வளைவுல விழும். திரும்பக் கட்டு" என்றாள்.

அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.