ஓவர்லாக்குக்கு ஒதுக்கிய மணல்

1. நாற்றம்

"ஏனுங்க மேனேஜர், குடோன் வரைக்கும் கொஞ்சம் வாங்க. ஃபைலெல்லாம் வேண்டாமுங்க, மூக்கு இருந்தாப் போதும்."

முதலாளி இண்டர்காமில் இப்படிக் கூப்பிட்டபோது நான் கழிப்பறைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. வீரபாண்டியில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் நிர்வாக மேலாளர். பி.எஃப்., இ.எஸ்.ஐ., மிகைநேர வேலை, எத்தனை தொழிலாளிக்கு ஒரு கழிப்பறை என்பது வரை எல்லா விதியும் எனக்கு மனப்பாடம். பூனைக்குக் கழிப்பறை எங்கே என்பதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. என் படிப்பில் இருந்த ஓட்டை அது.

குடோனில் பேக்கிங் முடிந்த பெட்டிகளுக்கு நடுவே முதலாளி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். செக்கிங் சூப்பர்வைசர் சரசக்கா ஒரு டி-ஷர்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பூனை மோண்டுபோட்டுதுங்க," என்றார் அவர். "நாம பாஸ் பண்ணுன பீஸு. அது மேல அதும் பங்குக்கு ஒரு சீல் வெச்சிருச்சு."

பூனையைக் கவனித்துக்கொண்டவர் குடோன் கீப்பர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குடோனை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். மனைவிக்கும் எங்களிடமே பிசிர் வெட்டும் வேலை.

முன்பு ஒருமுறை, சரக்கு போய்ச் சேர்ந்த நாட்டில் பெட்டியைத் திறந்தபோது டி-ஷர்ட்டுகளோடு ஓர் எலிக் குடும்பமும் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து பூனை வளர்ப்பது கம்பெனியின் கொள்கை. கொஞ்சினால் அது தொண்டைக்குள் எழுப்பும் சத்தம், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓடுவது போலவே இருக்கும். அதனால் பெயர் ஓவர்லாக். அத்தனை வருஷமும் அது ஒண்ணுக்கு எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. நாற்றம் வராத வரை எந்தப் பிரிவையும் யாரும் விசாரிப்பதில்லை.

"தங்கமான பிள்ளை மொதலாளி அது," என்றார் இசக்கிமுத்து. "இப்பம்தான் என்னமோ புத்தி கெட்டுப் போச்சு."

"அதுக்குப் புத்தி கெட்டாப் பரவால்லப்பா. சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு மூக்கு நல்லா இருக்குதே."

2. வேஸ்ட்

முதலில் ஃபினாயில் ஊற்றினார்கள். ஃபினாயில் வாசனை சாயங்காலத்துக்குள் போய்விட்டது. கீழே பழைய நாற்றம் அப்படியே இருந்தது. பூனை அதை முகவரியாக எடுத்துக்கொண்டு அதே மூலைக்கு வந்தது.

அடுத்து ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். பூனை மூத்திரத்தோடு அது சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் கல்லூரியில் வேதியியல் பாடத்தில் படித்திருந்தேன். என்னைக் கேட்காமலே கொட்டிவிட்டார்கள். செக்கிங் பிரிவு முழுவதும் கண்ணைக் கசக்கி, இருமி, வாசலுக்கு ஓடிவந்து அந்தப் பாடத்தைப் படித்தது.

என் பங்குக்கு, குடோன் கதவை எப்போதும் மூடி வைக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டேன். பூனை அதைப் படிக்காததை மன்னிக்கலாம். லோடுமேன்களும் படிக்கவில்லை.

பிறகு முதலாளிக்கே ஒரு யோசனை வந்தது. "வெளிநாட்டுல பூனை வளக்கறவங்க அதுக்குன்னு ஒரு தொட்டி வெச்சிருப்பாங்களாமுங்க. பையர் சொன்னாரு. நாமளும் வெச்சுப் போடலாம்."

அகலமான பிளாஸ்டிக் தொட்டி வந்தது. உள்ளே போட ஒரு சட்டி மணல் வேண்டும் என்றேன். குடோனில் இருந்த மணல் எல்லாம் தீயணைப்பு வாளிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடக் கூடாது.

அந்த வாளிகளின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். முந்தின மாதம்தான் பையரின் ஆடிட்டர் வந்து போயிருந்தார். இவர் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் இல்லை. கதவு, கழிப்பறை, தீயணைப்பு எல்லாம் தொழிலாளிக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பார்க்கிறவர். குடோன் பின்வாசலில் செங்கல் கட்டிய ஒரு தாழ்வான மணல் தொட்டி இருந்தது. சுவரில் 'தீ' என்று எழுதியிருக்கும். மணல் தரையில் கிடக்கக் கூடாது, சிவப்பு வாளிகளில் நிரப்பி ஸ்டாண்டில் தொங்கவிட வேண்டும் என்று குறித்துக்கொடுத்தார். தொட்டியை இடித்தோம். பாத்திரப் பட்டறைகள் உள்ள அனுப்பர்பாளையத்தில் சொல்லி வாளிகள் செய்து வாங்கினோம். தீயணைப்பு வாளிக்கு அடி உருண்டையாக இருக்கும், தரையில் நிற்காது. யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. மனிதனை நன்றாகப் புரிந்துகொண்ட யாரோ ஒருவர் எழுதிய விதி.

"புது மணலு எதுக்குங்க?" என்றார் முதலாளி. "கட்டிங் வேஸ்ட் மலையாட்டம் கெடக்குது. அதைப் போட்டு வைங்க."

எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் ஆகாத காரியம் இல்லை. மெஷின் துடைக்கலாம், தலையணையில் அடைக்கலாம், டெய்லர் உட்காரும் ஸ்டூலுக்கு மெத்தை கட்டலாம். பூனைக்கும் ஆயிற்று. ஓவர்லாக் தொட்டிக்குள் இறங்கி, காலால் துணுக்குகளை விலக்கி, எல்லோரும் பார்க்க வேலையை முடித்தது. முதலாளி கை தட்டினார்.

அந்தக் கைதட்டலில் பூனை ஒன்றைக் கற்றுக்கொண்டது. பனியன் துணி என்றால் கழிப்பறை. வேஸ்டுக்கும் ஃபர்ஸ்ட் குவாலிட்டிக்கும் வித்தியாசம் பார்க்க அதற்கு யாரும் செக்கிங் சொல்லித் தரவில்லை. தொட்டியில் இருந்தவை கசங்கிய துணுக்குகள். பக்கத்து ரேக்கில் அயர்ன் பண்ணி மடித்த டி-ஷர்ட்டுகள். எது மேல் என்று அதுவே முடிவு செய்துகொண்டது. அதுவரை ஒரு மூலையில் இருந்த நாற்றம் இப்போது ரேக் ரேக்காகப் பரவியது.

"நாம துணிக்குப் போடற சாஃப்ட்னரு அப்படிங்க," என்றார் சரசக்கா. "பையரு ஒருநாளும் பாராட்டலை. பூனையாவது பாராட்டுதே."

இடையில் இசக்கிமுத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பூனையைச் சாக்கில் கட்டி அவிநாசிபாளையம் போகும் லாரியில் ஏற்றிவிட்டார். உடனே எலிகள் வந்து ஒரு பெட்டியின் மூலையைத் தின்றன. முதலாளி வேனை அனுப்பிப் பூனையைத் தேடித் திரும்பக் கூட்டிவந்தார். அவருக்குப் பூனை வேண்டும், பூனையின் மூத்திரம் வேண்டாம். தையல் லைனில் இருக்கும் பெண்கள் விஷயத்திலும் பல கம்பெனிகளின் கொள்கை அதுதான். அவர்களுக்குக் கழிப்பறை போய்வர டோக்கன் முறை இருந்தது. பூனை டோக்கன் வாங்காது.

ஆடிட்டர் மறுபடி வரும் தேதி வந்தது. இந்த முறை பாஸ் ஆனால்தான் அடுத்த சீசன் ஆர்டர். முதலாளி இசக்கிமுத்துவை என் அறைக்குக் கூப்பிட்டார்.

"அவரு வர்றப்ப இந்த நாத்தம் இருந்துதுன்னா, பூனையும் நீயும் வேற எடம் பாத்துக்கங்கப்பா. கோபத்துல சொல்லலை."

கோபத்தில் சொல்லியிருந்தால் சாயங்காலம் தணிந்திருக்கும். அவர் நிதானமாகச் சொன்னார்.

முதலாளி போன பிறகும் இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார். "வேலை மட்டும்னா வேற கம்பெனி பாத்துருவேன் சார். ரூமும்லா போவுது. அவ வேலையும் போவும். பூனை மோண்டதுக்குக் குடும்பத்தோட வெளிய போனேன்னு ஊர்ல போயி எப்படிச் சொல்ல?"

அதற்கு எந்தப் பிரிவு என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.

3. வாளி

ஆடிட் அன்று காலையில் குடோனைக் கழுவி, நாற்றத்தை மறைக்க சாம்பிராணி போட்டிருந்தார்கள். ஓவர்லாக்கை இசக்கிமுத்து தன் அறையில் பூட்டி வைத்திருந்தார்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். டை கட்டியிருந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சார், ஒரே சாம்பிராணி ஸ்மெல்?"

"வெள்ளிக்கிழமை போடுவோமுங்க," என்றார் முதலாளி.

"இன்னிக்கு செவ்வாய் சார்."

"செவ்வாயும் போடுவோமுங்க."

ஆடிட்டர் வாளி ஸ்டாண்டைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். அது அவருடைய படைப்பு. பிறகு, "மணல் டிரையா இருக்கான்னு பாக்கணும், ஒண்ணை எறக்குங்க," என்றார். இசக்கிமுத்து இறக்கிக் கொடுத்தார். வாளி தரையில் நிற்கவில்லை. ஆடிட்டர் குனிந்து அதை இரண்டு ஷூக்களுக்கு நடுவே இடுக்கி, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மறு கையால் மணலைக் கிளறினார்.

"டிரைதான். ஓகே. அந்த ரூம் என்ன சார்? ஒர்க்கர் தங்கற ரூமா? அதையும் பாக்கணுமே. தொறங்க."

இசக்கிமுத்து என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி சாம்பிராணிப் புகையைப் பார்த்தார். சாவி திரும்பியது.

ஓவர்லாக் ஓடி வரவில்லை. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த ஒரு ஜீவனுக்குரிய அவசரத்தோடு, ஆனால் மரியாதை குறையாமல், நடந்து வந்தது. ரேக்கைப் பார்க்கவில்லை, வேஸ்ட் தொட்டியையும் பார்க்கவில்லை. கிளறிய மணல் வாசனைக்கு மூக்கைத் தூக்கியது. நேராக ஆடிட்டரின் ஷூக்களுக்கு நடுவே வந்து, வாளிக்குள் ஏறி, மணலைப் பறித்து உட்கார்ந்தது.

"சார்! சார், பூனை சார்!"

"அசையாதீங்க," என்றேன். "விட்டா கவுந்துரும்."

"அண்ணா, நல்லாப் புடிச்சுக்கங்க!" என்றார் சரசக்கா. "பாதியில எந்திரிச்சா பாவமுங்க!"

அவர் பிடித்திருந்தார். ஓவர்லாக் அவருடைய டையைப் பார்த்தபடி முடித்தது. திரும்பி நின்று மோந்து பார்த்தது. பின் நான்கு பக்கமும் மணலை இழுத்துச் சீராக மூடிவிட்டு இறங்கிப் போனது.

அது மூடிய விதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. அது அன்று கற்ற வித்தை இல்லை, பல வருஷப் பழக்கம். பின்வாசலில் நாங்கள் இடித்தது தீயணைப்புத் தொட்டியை அல்ல, ஓவர்லாக்கின் கழிப்பறையை. மாதா மாதம் 'மணல்: உலர்ந்தது, சுத்தமானது' என்று பதிவேட்டில் என் கையெழுத்தோடு இருந்து வந்த தொட்டி. தீ வராததால் யாரும் கிளறிப் பார்க்கவில்லை. கிளறிய ஒரே ஆள் ஒழுங்காக மூடியும் வைத்திருக்கிறது.

இசக்கிமுத்துவும் அதே நேரத்தில் என்னைப் பார்த்தார். "அது தொட்டிக்குள்ள படுத்துக் கெடக்குன்னுல்லா சார் நெனச்சேன்."

ஆடிட்டர் கை கழுவி வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஃபயர் பக்கெட்ல பூனை! இது மேஜர் குறை சார். நான் எழுதித்தான் ஆகணும்."

இசக்கிமுத்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் படிப்பு முழுவதற்கும் வேலை வந்த நேரம் அதுதான்.

"தாராளமா எழுதுங்க தம்பி. ஆனா உங்க செக்லிஸ்ட்படி ஸ்டாண்டுல தொங்கறதுதான் ஃபயர் பக்கெட். கீழ எறக்குனா அது அவுட் ஆஃப் சர்வீஸ். எறக்கச் சொன்னது நீங்க. ரூமைத் தொறக்கச் சொன்னதும் நீங்க. பூனை போறப்ப வாளியைப் புடிச்சிருந்ததும் நீங்கதானுங்க. எழுதறதா இருந்தா அத்தனையும் எழுதோணும்."

"நான் புடிச்சிருந்தேன்னு எப்படி சார் எழுதறது?"

"விட்டிருக்கலாமே?"

"விட்டா கவுந்துரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

"வாளி தரையில நிக்காதுங்கறதையும் வேணுமின்னா ஒரு குறையா எழுதிக்கலாம்."

அவர் பேனாவை மூடினார். "அப்ப என்னதான் சார் எழுதச் சொல்றீங்க?"

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தீயணைப்பு வாளிகள் சரியாக உள்ளன. மணல் உலர்ந்துள்ளது. தீயணைப்புப் பயிற்சிக்கு வாளி மணலைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், தரைமட்டத்தில் தனியாகப் பயிற்சி மணல் தொட்டி ஒன்று அமைப்பது நல்லது.

கம்பெனி பாஸ் ஆனது. அவர் கார் ஏறும்வரை முதலாளி சிரிக்கவில்லை. பிறகு இசக்கிமுத்துவிடம், "போப்பா, போயி வேலையப் பாரு. ரூம்ல அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடோணும்னு சொன்னியில்ல, மேனேஜர்கிட்ட வாங்கிக்க," என்றார். மன்னிப்பு என்ற சொல் அவரிடம் இல்லை. கண்ணாடி இருந்தது.

என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, மணல்தான் வேணும்னு மொதல்லயே சொல்லீருக்கலாமில்லீங்க?"

"ஒரு சட்டி கேட்டேனுங்க."

4. சலான்

இடித்த இடத்திலேயே தொட்டியை மறுபடி கட்டி மஞ்சள் பெயிண்ட் அடித்து, 'பயிற்சி மணல்' என்று எழுதினோம். சிமென்ட் காய்வதற்குள் பயிற்சி தொடங்கிவிட்டது. வேஸ்ட் தொட்டியை எடுத்துவிட்டோம். கறை பட்ட இடங்களை ப்ளீச்சிங் யூனிட்டிலிருந்து வாங்கிவந்த பெராக்சைடில் கழுவினோம். ஃபினாயிலைப் பூனை நடமாடும் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை விட்டேன். இசக்கிமுத்து காலையில் எழுந்ததும் மணலைச் சலித்துவிடுவார். குடோனில் நாற்றம் போயிற்று.

தீயணைப்புப் பயிற்சி நடந்த நாளில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு கை மணல் அள்ளி வீசச் சொன்னேன். வரிசை நகரவில்லை.

"அந்த மணலைங்களா?" என்றார் சரசக்கா. "அதுக்குத் தீயே பரவால்லீங்க."

வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இதில் ஒன்று சொல்வேன். ஒரு பொருளை விதிப்படி மாற்றுகிறபோது, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். நாற்றம் வந்த பிறகு தேடும் குற்றவாளி பெரும்பாலும் இடம் இழந்தவனாகவே இருப்பான்.

அந்த ஆடிட்டருக்குப் பயிற்சி மணல் பிடித்துப்போய்விட்டது. போன கம்பெனிகளில் எல்லாம் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் பக்கத்துக் கம்பெனி மேனேஜர் போன் செய்தார்.

"ஏனுங்க சார், உங்களைப் பாத்துத்தான் நாங்களும் மஞ்சத் தொட்டி கட்டுனோம். மணலு கட்டுன மேனிக்கே கெடக்குதுங்க, ஒருத்தரும் தொடறதில்லை. உபயோகத்துல இல்லீன்னு ஆடிட்டர் எழுதிட்டுப் போயிட்டாருங்க. நீங்க எப்படிங்க யூஸ் பண்ண வெக்கறீங்க?"

ஓவர்லாக் அப்போது குட்டி போட்டிருந்தது. பால் மறந்து, பயிற்சி முடித்து, தொட்டிக்குத் தானே போய்வரும் ஒரு குட்டியை இசக்கிமுத்து எடுத்துக் கொடுத்தார். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்தோம். சலான் இல்லாமல் எங்கள் கேட்டைத் தாண்டி எந்தச் சரக்கும் வெளியே போகக் கூடாது. அது நானே போட்ட விதி. எனவே சலான் எழுதினேன்.

விவரம்: பயிற்சியாளர். எண்ணிக்கை: ஒன்று. திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.