இடிக்கப்போன வீட்டில் கழற்றிய சப்பாத்து

அந்த வீட்டு வாசற்படியில் என்னுடைய இரும்புமுனைச் சப்பாத்துகள் இரண்டும் சோடியாக இருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஜெர்மன் நகரமான லைப்சிக்கில் நான் இடிக்காத பழைய வீடு இல்லை என்று சொன்னால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று சொந்தமாக நான்கு இயந்திரங்கள் ஓடுகின்றன. பெரிய படிப்புப் படித்த ஜெர்மன்காரர் என்னைக் கேட்டுத்தான் சுவரில் கை வைக்கிறார். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் நான் வெறும் கூலியாள்.

அந்த வீட்டை இடிக்கிற அன்று காலை வீட்டுக்கார அம்மா வந்து நின்றார். எழுபது தாண்டிய மனுசி. அவருடைய பாட்டனார் மிருகத்தோல் வியாபாரத்தில் உழைத்துக் கட்டிய வீடு அது. யூதக் குடும்பம் என்று நாஜிகள் பறித்தார்கள். இவர் சிறுபெண்ணாகத் தப்பி ஓடியவர். போருக்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசு அதில் ஆறு குடும்பங்களைக் குடிவைத்தது. ஜெர்மன் நாட்டை இரண்டாகப் பிரித்த மதில் விழுந்தபின் மனுப் போட்டு, வருடக்கணக்காக அலைந்து மீட்டபோது, கூரை ஒழுகி மேல்மாடி உக்கிப்போயிருந்தது. திருத்த வசதியில்லாமல் காணியோடு விற்றுவிட்டார். ஒரே ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. எங்களை மேய்க்கிற மேற்பார்வையாளன், போர்மன், சட்டம் பேசினான்: பாதுகாப்புச் சப்பாத்தும் தலைக்கவசமும் இல்லாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது.

அந்த நேரம் பார்த்து நான் உள்ளே கிடந்த குழாய்களை எடுக்கப் போனேன். வாசலில் வீட்டுக்காரி நிற்கிறார். என்னையறியாமல் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். வீட்டுக்காரர் நிற்கிற வாசலைச் சப்பாத்தோடு தாண்டி எனக்குப் பழக்கமில்லை. பின்னால் வந்த, என்னோடு கூலி வேலை செய்த மன்னார் அண்ணைக்குச் சிரிப்பு.

"டேய், பத்து மணிக்கு இடிக்கப்போற வீடு. ஊத்தை பட்டிடுமோ?"

காலில் ஆணி ஏறினால் யார் பொறுப்பு, இப்போதே வேலையால் நிற்பாட்டுவேன் என்று போர்மன் சத்தம் போட்டான். அந்த அம்மா என் காலைப் பார்த்து, ஏன் கழற்றினாய் என்று கேட்டார். எனக்கு வந்த ஜெர்மனில், உங்கள் வீடுதானே என்றேன். அவர் வாசற்படியைப் பார்த்துச் சொன்னார்:

"எங்களைத் துரத்த வந்தவையள் சப்பாத்தோடதான் உள்ள வந்தவை."

என் சப்பாத்துகளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தலைக்கவசத்தையும் கொடுத்தேன். இப்போது சட்டம் சரிதானே என்று போர்மனைக் கேட்டேன். என் விசாவே அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்த காலம், இருந்தும் கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த அம்மா பெரிய சப்பாத்துகளை இழுத்து இழுத்து நடந்து, கீழ்த்தட்டு அறைகள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் காலுறையோடு படியில் நின்றேன்.

வெளியே வந்தவர் என்னுடைய வீட்டைப் பற்றிக் கேட்டார். சண்டையில் ஆமிக்காரர் ஊருக்குள் வந்தபோது விட்டுவிட்டு ஓடியது, இப்போது நிற்கிறதோ தெரியாது என்றேன். தன் தகப்பனார் எத்தனை கதவு, எத்தனை யன்னல் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தபடியால்தான் தன்னால் உரிமை கேட்க முடிந்தது என்றார்.

"நீங்களும் எழுதி வையுங்கோ." சப்பாத்தைக் கழற்றித் தந்தார். "சரி, இனி இடியுங்கோ."

கையெழுத்துக்கு மேல் எழுதிப் பழகாத நான் அன்று பின்னேரமே எழுத ஒரு கொப்பி வாங்கினேன். எங்கள் ஊர் வீடு: வாசல் கிழக்கு, யன்னல் பதினொன்று, கிணறு சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில். லைப்சிக் காணியில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அந்த வீட்டின் கதவுகள் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திறந்தன என்று இன்று கேட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டுப் பின்கதவு எந்தப் பக்கம் திறந்தது என்ற வரி மட்டும் கொப்பியில் இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது.