நாலுல ஒண்ணு

விரலை மடக்கிக் கணக்குச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் ஆகாது. அந்தச் சிதம்பரத்து டாக்டர் நல்ல மனுஷர்தான், அவர்மேல் குற்றமில்லை. எங்கள் பையனுக்கு ரத்தம் ஊறாத வியாதி என்று கண்டுபிடித்தவர் அவர். மாசாமாசம் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அவனுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவோம். என் வீட்டுக்காரர் எனக்குச் சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. காடாம்புலியூர் முந்திரித் தோப்பு வெளியாள் கைக்குப் போய்விடக் கூடாதென்று எங்கள் வீட்டில் போட்ட முடிச்சு அது. ரெண்டு பேர் ரத்தத்திலும் அதே கோளாறு பாதி பாதியாக ஒளிந்திருக்கும் என்று எவர் கண்டார்?

இனிமேல் பிறக்கிற பிள்ளைக்கும் வருமா என்று அத்தை டாக்டரைக் கேட்டார். அவர் நாலு விரலை நீட்டி, சுண்டுவிரலை மட்டும் மடக்கி, நாலில் ஒன்றுக்கு வரலாம் என்றார். அத்தை அந்த மடங்கின விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வருவதற்குள் பையன் போய்விட்டான். ஊசி குத்தும்போது கையைத் தானே நீட்டுவான், அழமாட்டான். காரியம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் செய்த மாதிரியே விரலை மடக்கிக் காட்டினார்.

"கெட்டது ஒண்ணு கழிஞ்சிடுச்சும்மா. அத எம்பேரன் எடுத்துட்டுப் போயிட்டான். இனி மூணும் நல்லதாப் பொறக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். அப்படியெல்லாம் கழியாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று முதலிலிருந்துதான் என்று சண்டைக்குப் போகிற மாதிரியே சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஏதோ உளறுகிறாள் என்று அத்தை என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். மாமா செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் பையன் போட்டோ முன்னால் நின்று, நீ எடுத்துட்டுப் போயிட்டடா என்று முணுமுணுப்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் சோறு தின்றுகொண்டிருந்தார். அது தப்பு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆசை கேட்டால்தானே. மறுபடியும் உண்டானேன். சொன்னதும் அத்தை வடலூருக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். அதே வியாதி இருக்கிறதா என்று பார்க்கச் சிதம்பரத்தில் கருவின் நஞ்சிலிருந்து துளி சதை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை காத்திருக்க வேண்டும்.

நேரம் பார்த்து அந்த வாரம் எனக்கு வாய்த்த பாடம் நிகழ்தகவு. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், சார்பிலா நிகழ்ச்சிகள். ரெண்டும் ஒண்ணுதானே மிஸ், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாததுதானே என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். வருஷாவருஷம் எவளாவது கேட்பதுதான். அன்றைக்கு என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி ஏறிவிட்டது. ஒரு காசை ஒரு தடவை சுண்டினால் தலை விழுந்த இடத்தில் பூ விழாது. ஒன்று வந்தால் இன்னொன்றுக்கு வழியே கிடையாது, அதைவிடப் பெரிய சம்பந்தம் என்ன இருக்கிறது, அதுதான் விலக்குவது என்றேன். அதே காசை ரெண்டாவது தடவை சுண்டினால், முதல் தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது, அதுதான் சார்பில்லாதது என்றேன். காசுக்கு ஞாபகமே கிடையாதுடி என்றேன். மிச்சப் பீரியட் முழுக்கக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முடிவு வந்துவிட்டது, நேரில் வாங்க என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் மாமா. கெமிக்கல் நெடி வந்து, போய், ஆலப்பாக்கம் தாண்டியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாத, நம்ம பங்கு கெட்டது முடிஞ்சிடுச்சு என்றார். இதற்குமேல் சும்மா இருந்தால் டாக்டர் ரூமில் அவர் ஒடிந்து விழுந்துவிடுவார் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அவனுக்கு வந்தது இதுக்குத் தெரியாது மாமா, இதுக்கும் நாலுல ஒண்ணுதான் என்றேன்.

புதுச்சத்திரம் கிட்டத்தில்தான் மாமா திரும்பிக் கேட்டார்.

"அப்ப நம்ம புள்ள போனதுல எதுவுமே கழியலையா?"

"கழியல மாமா."

அவ்வளவு பெரிய ஆம்பிளை முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். பையனை எடுத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை.

இதற்கும் அதே வியாதி என்றார் டாக்டர். இந்தத் தடவை விரல் எதையும் நீட்டவில்லை. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். மாமா என்னைப் பார்த்தார். ஊசிக்குக் கையை நீட்டும் இன்னொரு பிள்ளையை என்னால் பார்க்க முடியாது. வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை வந்து ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள்.

வீட்டில் அத்தை கேசரி கிளறி வைத்திருந்தார். வாசலிலேயே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்காது, தப்பாச் சொல்றாங்க, அதான் ஒண்ணு போயிடுச்சே என்று விரலை மடக்க ஆரம்பித்தார். மாமா அந்தக் கையைப் பிடித்து, மடங்கின விரலை மெதுவாக நிமிர்த்திவிட்டார்.

"அவன் எதையும் எடுத்துட்டுப் போகலம்மா. சும்மாதான் போனான்."